கொலு பொம்மைகளை வெளியூருக்கு அனுப்புதல்: எந்தப் பொம்மைக்கு எந்தப் பேக்கிங்?

கொலு பொம்மைகளைப் பெட்டியில் வைத்து வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்ப வேண்டியவர்கள் முதலில் கேட்பது, எதைச் சுற்றினால் உடையாது என்பதுதான். வைக்கோல், செய்தித்தாள், பபிள் ராப், ஃபோம் என்று வரிசையாக எண்ணிப் பார்த்து, இருப்பதிலேயே மென்மையானதை வாங்கிச் சுற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். என் கருத்து வேறு. ஒரு பொம்மை எந்த இடத்தில் முதலில் உடையும் என்று பார்த்து, அந்த இடத்தில் எந்தப் பாரமும் விழாதபடி பொம்மையைப் பிடித்து நிறுத்தும் முறையே நல்ல முறை. சுற்றும் பொருளின் மென்மை அதற்குப் பிறகுதான் வருகிறது. ஆகவே ஒப்பீட்டைப் பேக்கிங் பொருள்களிலிருந்து அல்லாமல் பொம்மைகளிலிருந்தே தொடங்குவது சரியாக இருக்கும்.

பண்ருட்டியிலும் காஞ்சிபுரத்திலும் மதுரையை அடுத்த விளாச்சேரியிலும் செய்யப்படும் மண் பொம்மை, அச்சில் எடுத்துச் சுட்டு, அதன்பின் வண்ணம் தீட்டப்படுவது. உள்ளே குழிவாக இருக்கும். சுட்ட மண் மேலிருந்து வரும் பாரத்தை நன்றாகத் தாங்கும், ஆனால் வளைக்கும் விசையை அறவே தாங்காது. அதனால்தான் ஓர் அடி உயரக் கிருஷ்ணரின் உடம்புக்கு ஒன்றும் ஆகாமல், புல்லாங்குழலைப் பிடித்திருக்கும் கை மட்டும் மணிக்கட்டோடு போய்விடுகிறது. லட்சுமியின் தாமரை ஏந்திய கை, கல்யாண செட்டில் குடை பிடிப்பவரின் முன்கை, கழுத்து, கிரீடத்தின் நுனி ஆகியவை எல்லாம் உடம்பிலிருந்து நீண்டு தனியே நிற்கும் பகுதிகள். அவற்றை ஒரு பக்கமாக மெல்ல அழுத்தினாலே போதும். காகிதக்கூழ் பொம்மைக்கு இந்த நொறுங்கும் குணம் குறைவு, எடையும் மிகக் குறைவு. அதன் எதிரி ஈரம். மேல்பூச்சு செதிளாகப் பெயர்வதும், பூஞ்சை பிடிப்பதும், அடிப்பாகம் ஊறிக் கோணுவதும்தான் அதற்கு வரும் கேடுகள். கொண்டபல்லி மர பொம்மைகள் இலகுவான மரத்தில் தனித்தனி உறுப்புகளாகச் செதுக்கி ஒட்டப்படுபவை என்பதால், மரம் உடைவதற்கு முன் ஒட்டு விடும். தஞ்சாவூர் நடனப் பொம்மையைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை: தலை, உடல், பாவாடை என்று கழற்றி, ஒவ்வொன்றையும் தனியாகச் சுற்றி, அவற்றைத் தாங்கும் கம்பியின் முனை வேறெதையும் குத்தாதபடி அதற்கு ஓர் அட்டைத் தொப்பி போட்டுவிட்டால் போதும்.

இனி, பெட்டிக்கு வழியில் என்ன நேர்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். சரக்குப் பொதிகளுக்கான சோதனை முறைகளை வகுக்கும் ஐஎஸ்டிஏ அமைப்பின் 1ஏ சோதனையில், 10 கிலோவுக்குக் குறைந்த பெட்டியை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஒரு மூலையிலும் மூன்று விளிம்புகளிலும் ஆறு முகங்களிலும் ஆகப் பத்து முறை விழச் செய்கிறார்கள். 10 முதல் 19 கிலோ வரையுள்ள பெட்டிக்கு உயரம் 61 சென்டிமீட்டர். அதற்கும் மேல் 28 கிலோ வரை 46 சென்டிமீட்டர். எடை கூடக் கூட உயரம் குறைவது கவனிக்கத்தக்கது: இலகுவான பெட்டியை ஒரு கையால் எறிவார்கள், கனமான பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி இடுப்புக்குக் கீழேயே இறக்குவார்கள். 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் பொம்மை 3 மில்லிமீட்டர் ஃபோமுக்குள் நின்றாக வேண்டுமானால், அதன் எடையைப் போல் சுமார் 250 மடங்கு விசை அதன் மேல் செயல்படும். அதே பொம்மை இரண்டரை சென்டிமீட்டர் தூரம் அமுங்கி நின்றால் அந்த விசை 30 மடங்காகக் குறைந்துவிடும். மெத்தைப் பொருள் எதுவானாலும் தன் தடிமனில் பாதி அளவுக்கு மேல் பயனுள்ளபடி அமுங்காது என்று கொண்டால், ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து சென்டிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம், தேவைப்படுகிறது. கூரியர் நிறுவனங்கள் தங்கள் வழிகாட்டுதல்களில் இரண்டு அங்குல இடைவெளி கேட்பது வெறும் சம்பிரதாயம் அல்ல.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு வைக்கோலைப் பார்ப்போம். பானை, சட்டி, பொம்மை எல்லாவற்றையும் வைக்கோலில் பொதிந்து வண்டியேற்றுவது பழைய வழக்கம். அது மூடத்தனமும் அல்ல. செய்தவரோ விற்பவரோ தாமே ஏற்றி, கூடவே வந்து, தாமே இறக்கும்போது சரக்கு விழுவதே இல்லை. பல மணி நேர அதிர்வை மட்டும் தாங்கினால் போதும். அந்த வேலைக்கு வைக்கோல் நன்றாகவே பொருந்தும். கை மாறிக் கை மாறிப் போகும் கூரியர் பெட்டியில் நிலைமை வேறு. வைக்கோல் அதிர்வில் படிந்து கீழே இறங்கிவிடும், மேலே வெற்றிடம் உண்டாகும், பொம்மை ஆடத் தொடங்கும். அதோடு ஈரத்தையும் பூச்சியையும் கூட்டிக்கொண்டு வருவதால் காகிதக்கூழ் பொம்மைக்கு வைக்கோலை நினைத்தும் பார்க்கக் கூடாது. சொந்த வண்டியில் மண் பொம்மைகளைக் கொண்டுபோகிறவர்களுக்கு மட்டுமே நான் அதைப் பரிந்துரைப்பேன்.

கசக்கிய காகிதம் வைக்கோலைவிட ஒரு படி மேல். கசங்கும்போது அது அடியின் வேகத்தை உண்மையாகவே உள்வாங்கிக்கொள்கிறது, விலையும் இல்லை. ஒருமுறை நசுங்கியது மீண்டும் எழாது என்பதுதான் அதன் குறை. முதல் இரண்டு விழுகைகளை அது தாங்கும். மூன்றாவதற்குள் அது தட்டையாகிவிட்டிருக்கும். காகிதக்கூழ் பொம்மையின் எடைக்கு இது பெரிய குறையல்ல. இறுக்கமாகக் கசக்கிய பழுப்புக் காகித உருண்டைகளால் நாலு பக்கமும் நிரப்பி, மூடியை அழுத்தித்தான் மூட முடியும் என்ற அளவுக்கு அடைத்தால், இலகுவான பொம்மைக்கு அதைவிடச் சிறந்த பாதுகாப்பு வேண்டியதில்லை. காகிதம் மிச்ச ஈரத்தையும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். மூன்று கிலோ மண் பிள்ளையாருக்கு இது போதாது.

பபிள் ராப்பைத்தான் இன்று எல்லோரும் முதலில் நாடுகிறார்கள், அதனால் உடைந்த கைகளும் அதிகம். குற்றம் அந்தப் பொருளின் மேல் இல்லை, சுற்றுகிற விதத்தின் மேல். பொம்மையைக் கிடத்தி, மூன்று நான்கு சுற்றுச் சுற்றி, டேப்பை இழுத்து ஒட்டும்போது, நீட்டிய கை உடம்பை நோக்கி வளைக்கப்படுகிறது. பெட்டி கிளம்பும் முன்பே அந்தக் கையின் மேல் பாரம் ஏறிவிடுகிறது, வழியில் கிடைக்கும் ஒரு சிறு இடி மீதி வேலையை முடிக்கிறது. இதைத் தவிர்க்க வேண்டுமானால், சுற்றுவதற்கு முன் கைக்கும் உடம்புக்கும் இடையில் உள்ள வெளியை மெல்லிய காகிதச் சுருளால் தளர்வாக நிரப்ப வேண்டும். கிரீடத்துக்கும் நீண்ட கைக்கும் மேல் ஓர் அட்டைக் குழாயையோ அட்டை வளையத்தையோ, பொம்மையைத் தொடாமல், கூடாரம் போல் நிற்க வைத்து, அதற்கு மேல்தான் பபிள் ராப் வர வேண்டும். அப்போது டேப்பின் இறுக்கத்தை அட்டை வாங்கிக்கொள்ளும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் சிறு குமிழி ராப்பின் தடிமன் சில மில்லிமீட்டர்தான் என்பதையும் மறக்கக் கூடாது. அதை மட்டுமே நம்பி இரண்டு அங்குலம் எட்ட வேண்டுமானால் பொம்மை உருத்தெரியாத மூட்டையாகிவிடும். கனமான பொம்மையின் அடிப்பாகம் குமிழிகளை வெடிக்கச் செய்து நேரே பெட்டியின் தளத்தில் உட்கார்ந்துவிடும். ஆகையால் பபிள் ராப் நடுத்தர எடையுள்ள, உறுப்புகள் உடம்போடு ஒட்டியிருக்கும் பொம்மைகளுக்கு ஏற்றது: அமர்ந்த செட்டியார், பிள்ளையார், காய்கறிக் கூடைகள், பழத்தட்டுகள் போன்றவை.

மண்ணால் செய்த, கைகால் நீட்டிய பெரிய பொம்மைகளுக்கு, குறிப்பாகப் பாட்டி காலத்துத் தசாவதார செட் போன்றவற்றுக்கு, ஃபோமில் குழி வெட்டி வைப்பதே என் தேர்வு. இரண்டு அங்குல ஈபிஈ (பாலிஎத்திலீன்) ஃபோம் பலகைகளை வாங்கி, பொம்மையின் பீடமும் இடுப்பும் தோளும் இறுக்கமாகப் பொருந்துமாறும், கைகளும் கிரீடமும் இருக்கும் இடத்தில் தாராளமான வெற்றிடம் இருக்குமாறும் வெட்டி, பொம்மையை இரண்டு பலகைகளுக்கு நடுவே கிடத்த வேண்டும். பிடிப்பு முழுவதும் பலமான உடம்பில் விழுகிறது; பலவீனமான கையை எதுவும் தொடுவதில்லை. முதலில் சொன்ன விதியை நேராக நிறைவேற்றுவது இந்த ஒரு முறைதான். உழைப்பு அதிகம் என்பது உண்மை. கூரிய கட்டரும், காகிதத்தில் பொம்மையின் விளிம்பை வரைந்து எடுத்த படியும், ஒரு பொம்மைக்குச் சற்றேறக்குறைய அரை மணி நேரப் பொறுமையும் வேண்டும். மெத்தைக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் துண்டுகளை இதற்குப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இலகுவான பொம்மைக்கு அது சரி. கனமான பொம்மை அதில் முழுதும் அமிழ்ந்து அடித்தளத்தைத் தொட்டுவிடும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. கொலு பொம்மை ஆண்டில் பத்துப் பதினைந்து நாள் படியில் இருந்தால், மீதி நாளெல்லாம் பரணில் இருக்கிறது. வந்த பெட்டியிலேயே அதை வைத்துப் பரணில் ஏற்றுவதுதான் நம் வழக்கம். பியூ ஃபோம் சில ஆண்டுகளில் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து, பிசுபிசுத்து, வண்ணத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும். ஈபிஈ அப்படிச் சிதைவதில்லை. அனுப்புவதற்காக ஒருமுறை வெட்டிய பெட்டி பல ஆண்டு பரண்வாசத்துக்கும் உதவும் என்று கணக்குப் பார்த்தால் அந்த அரை மணி நேரம் பெரிதாகத் தெரியாது.

சந்தை, கிரிக்கெட், பள்ளிக்கூடம், கிராமம் என்று மூன்று நான்கு அங்குல மனிதர்கள் பலர் சேர்ந்த செட்களுக்கு ஒவ்வொன்றாகக் குழி வெட்டுவது நடக்காத காரியம். இவற்றைப் பலகையில் கட்டும் முறை பொருந்தும். மெல்லிய பிளைவுட் பலகையில் துளையிட்டு, பீடத்தின் குறுக்கே பருத்தி நாடாவைக் கொடுத்து, பலகைக்குப் பின்புறம் முடிச்சுப் போட்டு, எல்லா உருவங்களையும் நிற்க வைத்தபடியே ஒன்றுக்கொன்று விரலிடை விட்டுக் கட்டிவிட்டால், அந்தப் பலகையை அப்படியே ஒரு பெட்டிக்குள் இறக்கலாம். மேசைப் போர் விளையாட்டுக்காக 28 மில்லிமீட்டர் உருவங்களுக்கு வண்ணம் தீட்டுகிற மேலைநாட்டுப் பொழுதுபோக்காளர்கள் இதையே வேறு விதமாகச் செய்கிறார்கள்: உருவத்தின் அடியில் சிறு காந்தத்தை ஒட்டி, தகர அடித்தளமுள்ள பெட்டியில் நிறுத்துகிறார்கள். பழைய பிஸ்கட் டின் ஒன்று இருந்தால் நம் காகிதக்கூழ் செட்டுக்கும் அது உதவும்; எவர்சில்வர் டப்பாக்கள் பலவற்றில் காந்தம் ஒட்டாது. மண் பொம்மைக்கு இந்த வழி வேண்டாம். பெட்டி பக்கவாட்டில் விழும்போது அந்த எடையைச் சிறு காந்தம் பிடித்து வைக்காது. ஓர் உருவம் கழன்றால் அது மற்றவற்றின் மேல் போய் விழும். பெட்டிக்குள் பொம்மையை உடைப்பது பெரும்பாலும் இன்னொரு பொம்மைதான். இதே காரணத்தால் மண் பொம்மையையும் காகிதக்கூழ் பொம்மையையும் ஒரே பெட்டியில் கலப்பதை, எத்தனை தடுப்பு வைத்தாலும், நான் ஒப்புவதில்லை.

தெர்மாகோலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பலகையாக வெளிப்பெட்டியின் சுவரோரம் வைக்கலாம்; மணிகளாகக் கொட்டினால் அவை ஓரங்களுக்கு நகர்ந்து பொம்மையை நடுவில் தவிக்கவிடும், வார்னிஷில் ஒட்டிக்கொண்டு வரவும் மறுக்கும்.

எந்த முறையைத் தேர்ந்தாலும் வண்ணத்தைத் தொடும் முதல் அடுக்கு ஒன்று இருக்கிறது. அங்கே பிழை செய்தால் பொம்மை உடையாமல் வந்தும் பயனில்லை. செய்தித்தாளின் மை, குறிப்பாக வெளிர் நிற முகங்களில், படியும். பபிள் ராப் நேரடியாகப் பட்டால், வெயிலில் நிற்கும் லாரியின் வெப்பத்தில் இளகிய வார்னிஷில் வட்ட வட்டமாகத் தடம் விழும். அதைத் துடைத்து எடுக்க முடியாது. புதிதாக எனாமல் பூசிய பொம்மை சில மணி நேரத்தில் தொட்டுப் பார்க்கக் காய்ந்ததாகத் தெரிந்தாலும், பூச்சு உள்ளே இறுகப் பல நாள் ஆகும். அதிலிருந்து வெளியேறும் தின்னர் தெர்மாகோலைக் கரைத்து ஒட்டவும் வைக்கும். நம் வீடுகளில் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றி வைத்த வழக்கம் இந்த இடத்தில் இன்றைய கடைச்சரக்கு எதையும்விட மேலானது. பலமுறை துவைத்த, கஞ்சி இல்லாத, சாயமில்லாத பருத்தித் துணி. அது கிடைக்காதபோது அச்சில்லாத வெள்ளை டிஷ்யூ காகிதம். காகிதக்கூழ் பொம்மையைச் சுற்றும் முன் இரண்டு நாள் நிழலில் காற்றாட வைக்க வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டுவது, பையில்லாமல் அனுப்புவதைவிடக் கெடுதல். பை போட்டே தீர வேண்டும் என்றால் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உடன் வைத்து, அது வண்ணத்தைத் தொடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பெட்டிக்குள் பெட்டி வைப்பதா, ஒற்றைப் பெட்டியா என்ற கேள்வி. இதற்குப் பாதுகாப்பு மட்டுமல்ல, கட்டணமும் விடை சொல்கிறது. எக்ஸ்பிரஸ் கூரியர்களில் பெரும்பாலானவை நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எண்ணையும் (இதுவே கன எடை), தராசு காட்டும் எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குப் பணம் வாங்குகின்றன. 35-க்கு 25-க்கு 20 என்ற உள்பெட்டியின் கன எடை 3.5 கிலோ. அதைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டு 45-க்கு 35-க்கு 30 என்ற வெளிப்பெட்டியில் வைத்தால் 9.45 கிலோ ஆகிவிடுகிறது. உள்ளே இருப்பது எட்டு ஒன்பது கிலோ மண் பொம்மை என்றால் இந்த இரண்டாவது பெட்டிக்கு நீங்கள் தனியாக ஏதும் கொடுக்கவில்லை என்றே சொல்லலாம். எடை ஏற்கெனவே அந்த அளவில்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு கிலோ காகிதக்கூழ் பொம்மைக்குக் காற்றுக்குக் கட்டணம் கட்டுகிறீர்கள். ஆகவே மண்ணுக்கு இரட்டைப் பெட்டி, காகிதக்கூழுக்கு ஐந்து அடுக்கு அட்டையில் நல்ல ஒற்றைப் பெட்டி என்று பிரிப்பது நியாயமாக இருக்கும். மண் பொம்மைப் பெட்டியின் மொத்த எடையைப் 12 முதல் 15 கிலோவுக்குள் நிறுத்தினால், எறிய முடியாத கனமாகவும் தூக்க முடிகிற கனமாகவும் இருக்கும். மளிகைக் கடையில் வாங்கிய பழைய பெட்டி ஒருமுறை நனைந்து காய்ந்திருந்தாலும் அதன் பலம் போயிருக்கும். பொம்மைக்கு இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தவர் புதுப் பெட்டிக்குக் கணக்குப் பார்ப்பது எனக்குப் புரிவதில்லை.

மூடுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்ப்பது நல்லது. பொம்மைக்குப் பதிலாக ஏறக்குறைய அதே எடைக்கு மணல் பையையும், கைகளுக்குப் பதிலாக இரண்டு மூன்று மெல்லிய மண் அகல்களையும் அதே முறையில் வைத்துக் கட்டி, மேசை உயரத்திலிருந்து ஒரு மூலை தரையில் படும்படி விடுங்கள். அகல் தப்பினால் விரலும் தப்பும். ‘உடையக்கூடிய பொருள்’ என்ற சிவப்பு ஒட்டியை ஒட்டுவதில் தவறில்லை. கன்வேயர் பெல்ட்டுக்குப் படிக்கத் தெரியாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு ஒட்டுங்கள். இழப்பீட்டையும் பெரிதாக நம்ப வேண்டாம்: மண்பாண்டம், கண்ணாடி போன்றவை உடைந்தால் பொறுப்பில்லை என்று பல கூரியர்களின் நிபந்தனைகளில் இருக்கும். பணம் கட்டும் முன் அந்தப் பகுதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பேக்கிங்கின் ஒவ்வொரு படியையும் படம் எடுத்து வைப்பதே செய்யக்கூடியது.

ஒரே இரவில் போய்ச் சேரும் ஊர்களுக்கு, சென்னையிலிருந்து கோயம்புத்தூர் அல்லது பெங்களூரு போன்ற தூரத்துக்கு, ஆம்னி பஸ் பார்சலைக் கூரியருக்கு மேலாகவே மதிக்கிறேன். இங்கே ஏற்றினால் அங்கே இறக்குகிறார்கள். நடுவில் தரம் பிரிக்கும் கிடங்குகள் குறைவு, எனவே விழும் வாய்ப்புகளும் குறைவு. பெறுபவர் விடியற்காலையில் பஸ் நிலையத்துக்குப் போக வேண்டும் என்பதுதான் அதற்கு விலை. விமானத்தில் யாராவது போகிறார்கள் என்றால், செட்டில் ஈடு செய்ய முடியாத ஒன்றிரண்டு பொம்மைகளைக் கைப்பையில் கொடுத்து அனுப்புவது எல்லா முறைகளையும் வென்றுவிடும். உள்நாட்டு விமானங்களில் கைப்பை பொதுவாக 7 கிலோ என்பதால் முழு தசாவதாரத்துக்கு இடமிராது.

வெளிநாட்டுக்கு அனுப்பும்போது சில தேர்வுகள் நம் கையில் இல்லை. நெல் வைக்கோலைப் பேக்கிங் பொருளாக அமெரிக்கா அனுமதிப்பதில்லை. ஆஸ்திரேலியாவும் வைக்கோல் பேக்கிங்கைத் தடுக்கிறது. திட மரப்பலகையில் பெட்டி அடித்தால் அது, மரப் பேக்கிங்குக்கான ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதிப்படி, மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருக்கும்படி சூடாக்குவது போன்ற அங்கீகரித்த முறையில் பதப்படுத்தப்பட்டு, முத்திரை பெற்றிருக்க வேண்டும். பிளைவுட்டுக்கு அந்த விதி இல்லை, ஆகவே பிளைவுட்டே சுலபம். மரப்பாச்சி செம்மரத்தில் செய்ததாக இருந்தால் அனுப்பும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். செம்மர ஏற்றுமதிக்கு இந்தியாவில் கடுமையான தடை இருக்கிறது, சுங்கத்தில் அது சிறு பொம்மையா பெரிய கட்டையா என்று பார்க்க மாட்டார்கள். கொள்ளுப்பாட்டி வழியாக வந்து நூறு ஆண்டைத் தாண்டிய மண் சிற்பம் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடக்கூடும். அந்த வயதுடைய தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. வயதில் சந்தேகம் இருந்தால் தொல்லியல் துறையிடம், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் கேட்டு வாங்கிய பிறகே பேக்கிங்கைப் பற்றி யோசிக்க வேண்டும்.

காலத்தையும் ஒரு தேர்வாகவே கருத வேண்டும். புரட்டாசி பிறந்த பின் அனுப்பினால் புதுப் பொம்மையின் பூச்சு இறுகியிருக்காது, கூரியர் கிடங்குகளில் பண்டிகை நெரிசல் தொடங்கியிருக்கும். பழைய பொம்மைகளை ஆடியிலேயே அனுப்பிவிடலாம். புதியவற்றைக் கடைக்காரரிடம் முன்பே சொல்லி வைத்து, வண்ணம் பூசி இரண்டு வாரமாவது ஆனதைக் கேட்டு வாங்கலாம். பெறுபவரிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: பெட்டியைக் கத்தியால் ஆழமாகக் கீறாமல் டேப்பை மட்டும் அறுத்து, பாயின் மேல் வைத்துப் பிரித்து, எல்லாப் பொம்மைகளின் விரல்களையும் எண்ணிப் பார்க்கும் வரை ஒரு காகிதச் சுருளைக்கூடக் குப்பையில் போட வேண்டாம்.